'வேண்டாம்' எப்படி 'சரி' ஆனது: சேலஞ்சருக்கு முந்தைய இரவு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1986 ஜனவரி 27, இரவு. அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் மூன்று அறைகள், அவற்றை இணைக்கும் ஒரே தொலைபேசி அழைப்பு. யூட்டாவில், நாசாவுக்குப் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்த மார்ட்டன் தையோகால் நிறுவனத்தின் பொறியாளர்களும் மேலாளர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையத்தினர். புளோரிடாவில், ஏவுதளம் இருக்கும் கென்னடி மையத்தில், இரு தரப்பிலிருந்தும் சிலர். எல்லாருமாக 34 பேர். மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். இரவில் உறைநிலைக்கும் கீழே குளிர் இறங்கும் என்று வானிலை முன்னறிவிப்பு சொல்கிறது.

அழைப்பின் தொடக்கத்தில் தையோகால் சொன்னது: ஏவ வேண்டாம். இரவு 11 மணி சுமாருக்கு அதே தையோகால் சொன்னது: ஏவலாம். மறுநாள் காலை 11:38க்குக் கிளம்பிய சேலஞ்சர் 73ஆவது விநாடியில் வானிலேயே சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டா மெக்காலிஃப் பள்ளி ஆசிரியை. அவர் போகிறார் என்பதற்காகவே ஏராளமான பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறைத் தொலைக்காட்சியில் அதை நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

'வேண்டாம்' என்பதற்கும் 'ஏவலாம்' என்பதற்கும் நடுவே சுமார் அரை மணி நேரம் ஒரு தனி ஆலோசனை நடந்தது. அந்த அரை மணியில் புதிதாக எந்த அளவீடும் வரவில்லை, எந்தச் சோதனையும் நடக்கவில்லை. கையில் இருந்தது அதே 13 விளக்கத் தாள்கள், அதே ஆட்கள். மாறியது முடிவு மட்டும்தான். மனித நடத்தையை விளக்கும் கோட்பாடுகள் ஏதாவது உபயோகப்படும் என்றால், இந்த அரை மணி நேரத்தை விளக்குவதற்கு உபயோகப்பட வேண்டும். எந்தக் கோட்பாடு எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை.

வளையமும் குளிரும்

விண்ணோடத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் பெரிய திட எரிபொருள் பூஸ்டர்கள் ஒரே துண்டாகச் செய்யப்பட்டவை அல்ல. யூட்டாவில் துண்டு துண்டாகத் தயாரித்து, ரயிலில் புளோரிடாவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இணைத்தார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளிருக்கும் நெருப்பு வாயு வெளியே கசியாமல் தடுக்க இரண்டு ரப்பர் வளையங்கள். ஓ-ரிங் என்பார்கள். சுற்றளவு 11 மீட்டருக்கும் மேல். கனமோ சுமார் 7 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு பென்சில் பருமன்.

பூஸ்டர் பற்றவைக்கப்படும் கணத்தில் உள்ளே அழுத்தம் எகிறும், உலோகச் சுவர் புடைக்கும், இணைப்பில் இடைவெளி லேசாக விரியும். ஒரு விநாடியின் சிறு பின்னத்துக்குள் வளையம் எம்பி அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் குளிர்ந்தால் விறைத்துப்போகும், எம்புவது தாமதப்படும். பொறியாளர்களின் பயம் இவ்வளவுதான். மறுநாள் நடந்ததும் அதுதான்.

இந்தப் பயம் காகிதத்தில் மட்டும் பிறந்தது அல்ல. 1985 ஜனவரியில் பறந்து திரும்பிய ஒரு பூஸ்டரை ரோஜர் போஜோலே என்ற தையோகால் பொறியாளர் நேரில் பிரித்துப் பார்த்தார். அந்தப் பயணத்தின்போது வளையத்தின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 12 டிகிரி செல்சியஸ் இருந்திருக்கும் என்பது கணக்கு. அதுவரை நடந்ததிலேயே மிகக் குளிரான ஏவுதல். இரண்டு வளையங்களுக்கும் நடுவே பூசியிருந்த கிரீஸ் கன்னங்கரேலென்று இருந்தது. சூடான வாயு முதல் வளையத்தைத் தாண்டி வந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். அவர் கண்ணால் கண்ட அந்தக் கருப்பைப் பின்னால் மறுபடியும் தொட வேண்டியிருக்கும்.

ஆகவே அந்த இரவில் தையோகாலின் பரிந்துரை: வளையத்தின் வெப்பநிலை 53 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் ஏவ வேண்டாம்.

நாசா தரப்புக்கு இது பிடிக்கவில்லை. மார்ஷல் மையத்தில் பூஸ்டர் திட்டத்துக்குப் பொறுப்பான லாரன்ஸ் முல்லாய், "அப்படியென்றால் எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?" என்று கேட்டார். ஏவுதலுக்கு முந்தைய இரவில் புது நிபந்தனை போடுவது சரியல்ல என்பது அவர் வாதம். இன்னொரு மூத்த அதிகாரியான ஜார்ஜ் ஹார்டி, இந்தப் பரிந்துரை தனக்கு அதிர்ச்சி தருகிறது என்றார். ஆனால் ஒப்பந்த நிறுவனம் வேண்டாம் என்றால் தான் அதை மீறி ஏவச் சொல்லமாட்டேன் என்பதையும் சேர்த்தே சொன்னார். இந்த இரண்டாவது பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கதவு முழுவதும் சாத்தப்படவில்லை.

அப்போது தையோகாலின் ஜோ கில்மின்ஸ்டர் ஐந்து நிமிடம் தனியாகப் பேசிக்கொள்ள அவகாசம் கேட்டார். யூட்டா அறையின் ஒலி இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஐந்து நிமிடம் அரை மணியானது.

அந்த அரை மணி

அறைக்குள் நடந்தது பின்னால் விசாரணைக் குழுவின் முன் சாட்சியமாகவே வந்துவிட்டது. ஆர்னி தாம்ப்சன் என்ற பொறியாளர் தன் இடத்திலிருந்து எழுந்து மேலாளர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய், ஒரு தாளை வைத்து இணைப்பின் படத்தை வரைந்து காட்டினார். அவர்கள் கேட்கும் மனநிலையில் இல்லை என்று புரிந்ததும் நிறுத்திக்கொண்டார். போஜோலே கறுத்த கிரீஸின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு போய் முன்னால் வைத்தார். பார்த்தார்கள். பதில் இல்லை. அவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பிறகு மூத்த துணைத் தலைவர் ஜெரால்ட் மேசன், இது மேலாண்மை எடுக்க வேண்டிய முடிவு என்றார். மேலாளர்கள் நான்கு பேர். மூவர் ஏவலாம் என்ற பக்கம் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர் ராபர்ட் லண்ட், பொறியியல் பிரிவின் துணைத் தலைவர். சற்று முன்பு 'வேண்டாம்' என்ற முடிவைத் தொலைபேசியில் முன்வைத்தவரே அவர்தான். மேசன் அவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். லண்டும் சம்மதித்தார்.

பொறியாளர்களிடம் வாக்கு கேட்கப்படவில்லை.

யார் கெட்டவர்?

இதைப் படிக்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது: மேசன் கெட்டவர், லண்ட் கோழை, முல்லாய் அவசரக்காரர். ஒரு செயலைப் பார்த்ததும் அதைச் செய்தவரின் குணத்திலேயே காரணத்தைத் தேடும் இந்தப் பழக்கத்துக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977இல் ஒரு பெயர் வைத்தார்: அடிப்படைக் காரணங்கற்பித்தல் பிழை. சூழ்நிலையின் அழுத்தத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோம், ஆளின் குணத்தை மிகைப்படுத்துகிறோம். நடத்தை என்பது ஆளும் சூழலும் சேர்ந்து உருவாக்கும் விளைவு என்று கர்ட் லெவின் 1930களிலேயே ஒரு சமன்பாடு போல எழுதிவைத்தார். நம் மனமோ சூழல் என்ற பாதியைச் சுலபமாக விட்டுவிடுகிறது.

குணத்தைக் காரணமாக வைத்தால் விளக்கமும் அங்கேயே நின்றுவிடும். லண்ட் கோழை என்றால் மாலையில் ஏன் 'வேண்டாம்' என்றார்? சில மணி நேரத்துக்குள் ஒருவரின் குணம் மாறுவதில்லை. அவரைச் சுற்றி ஏதோ மாறியிருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

கீழ்ப்படிதலும் தொப்பியும்

அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதல் என்றதும் எல்லாரும் ஸ்டான்லி மில்கிராமிடம் போவார்கள். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைகளில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைக்கப்பட்ட 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று குறித்திருந்த கடைசி விசை வரை போனார்கள். ஆனால் சேலஞ்சர் இரவில் யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. மேசன் 'தொடர வேண்டும்' என்று மிரட்டவில்லை, ஹார்டியும் மீறமாட்டேன் என்றே சொன்னார். மில்கிராமின் பதிவுகளை மறுபடி ஆராய்ந்த அலெக்ஸ் ஹஸ்லமும் ஸ்டீபன் ரைஷரும் சொல்லும் திருத்தம் இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது: மனிதர்கள் கண்மூடித்தனமாகப் பணிவதில்லை, ஒரு நோக்கத்தைத் தங்கள் நோக்கமாக ஏற்றுக்கொள்ளும்போதுதான் அதற்காக எதையும் செய்கிறார்கள். விண்ணோடம் பறக்க வேண்டும் என்பது அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரின் நோக்கமும்தான். எதிர்த்த பொறியாளர்களுக்கும்.

தொப்பி பற்றிய அந்த வாக்கியம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சமூகவியலில் பங்குக் கோட்பாடு என்ற ஒன்று உண்டு. நாம் ஒரே ஆளாக இருந்தாலும் வீட்டில் ஒரு பங்கு, வேலையில் ஒரு பங்கு, நண்பர்கள் நடுவே ஒரு பங்கு என்று மாற்றி மாற்றி நடக்கிறோம். ஒவ்வொரு பங்கும் தனக்கே உரிய கேள்வியைக் கேட்கவைக்கும். பொறியாளர் 'இது தாங்குமா?' என்று கேட்பார். மேலாளர் 'இருக்கிற தகவலை வைத்து என்ன முடிவெடுப்பது?' என்று கேட்பார். மேசன் லண்டின் கருத்தை மாற்ற முயலவில்லை. அவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை மாற்றினார். கேள்வி மாறியதும் பதிலும் மாறிவிட்டது, அதே மனிதரின் வாயிலிருந்து. (பங்கு என்றதும் 1971 ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையை இழுப்பது வழக்கம். அங்கே காவலர்களாக இருந்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொடுத்தது பின்னால் வெளிவந்த ஒலிப்பதிவுகளில் தெரிகிறது. அதனால் அதை ஆதாரமாக இங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை.)

குழுச்சிந்தனை: எவ்வளவு தூரம் பொருந்தும்?

சேலஞ்சர் என்றாலே பாடப்புத்தகங்களில் வரும் சொல் குழுச்சிந்தனை. இர்விங் ஜேனிஸ் 1972இல் இதை விரிவாக முன்வைத்தார். நெருக்கமான ஒரு குழு, ஒற்றுமை குலையக் கூடாது என்ற ஆசையில், மாற்று வழிகளை அலசாமலேயே ஒரு முடிவுக்குப் போய்விடுகிறது. தங்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை, எதிர்ப்பவர் மீது நேரடி அழுத்தம், வாயை மூடிக்கொள்ளும் சுயதணிக்கை, எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்ற பிரமை ஆகியவை இதன் அறிகுறிகள்.

சில அறிகுறிகள் அப்படியே இருக்கின்றன. அதுவரை 24 விண்ணோடப் பயணங்கள் உயிரிழப்பு இல்லாமல் முடிந்திருந்தன. ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கைக்கு அது போதும். லண்ட் மீது விழுந்தது நேரடி அழுத்தம்தான். ஆனால் இந்தக் கோட்பாட்டை முழு விளக்கமாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இவர்கள் நெருக்கமான சிறு குழு அல்ல. மூன்று ஊர், இரண்டு நிறுவனம், பல படிநிலைகள். மாற்றுக் கருத்து அலசப்படாமலும் இல்லை. அன்று இரவு கிட்டத்தட்ட முழு நேரமும் அதைத்தான் பேசினார்கள். போஜோலேவும் தாம்ப்சனும் சுயதணிக்கை செய்யவில்லை, எழுந்து நடந்துபோய் மேசையில் படத்தை வைத்தார்கள். 'யாரும் பேசவில்லை, அதனால் விபத்து' என்று இந்தக் கதையைச் சொல்வது அந்த இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

குழுச்சிந்தனை நன்றாக விளக்குவது அழைப்பின் கடைசி சில நிமிடங்களை. ஒலி இணைப்பு மீண்டும் வந்தது. கில்மின்ஸ்டர் புதிய பரிந்துரையை வாசித்தார். நாசா தரப்பிலிருந்து ஒரு கேள்வி வந்தது: யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா? மூன்று அறையிலும் யாரும் பேசவில்லை.

அந்த மௌனத்தை ஒவ்வோர் அறையிலிருந்தும் கேட்டுப் பாருங்கள். யூட்டாவில் இருந்த பொறியாளர்களுக்கு அது தோல்வியின் மௌனம். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது, தங்கள் மேலாளர்களே முடிவெடுத்துவிட்டார்கள், இனிமேல் வாடிக்கையாளர் காதுபட அவர்களை மறுத்துப் பேசுவதா? அலபாமாவிலும் புளோரிடாவிலும் அதே மௌனம் சம்மதமாகக் கேட்டது. ஒலி துண்டிக்கப்பட்டிருந்ததால் தாம்ப்சன் படம் வரைந்ததும் போஜோலே புகைப்படம் வைத்ததும் அவர்களுக்குத் தெரியாது. பொறியாளர்கள் தாங்களே மறுபடி யோசித்து மனம் மாறினார்கள் என்று நினைக்க எல்லா இடமும் இருந்தது. ஒவ்வொருவரும் மனசுக்குள் சந்தேகப்பட்டாலும் மற்றவர்களின் அமைதியைப் பார்த்து, அவர்களுக்குச் சந்தேகம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும் நிலையை சமூக உளவியலில் பன்மை அறியாமை என்பார்கள். அந்த இரவில் அதற்கு ஒரு தொலைபேசிப் பொத்தானே துணை போயிற்று.

சாலமன் ஆஷின் சோதனை இங்கே துல்லியமாக ஒன்றைச் சொல்கிறது. 1950களில் அவர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் ஒரே குரலில் தவறான விடை சொன்னபோது, சோதனைக்கு உட்பட்டவர்களும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறை கண்ணெதிரே தெரிந்ததை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஆனால் கூட ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் அந்தத் தவறுகள் மளமளவென்று குறைந்தன. மில்கிராமின் ஒரு சோதனையிலும் இதே கதை: கூட இருந்த இருவர் மறுத்து எழுந்தபோது, 40 பேரில் கடைசிவரை போனது 4 பேர்தான். எதிர்ப்பவருக்குத் துணை தேவை. அன்று தொலைபேசியில் ஒரே ஒரு பொறியாளரின் குரல் கேட்டிருந்தால், மறுமுனையில் தயங்கிக்கொண்டிருந்த யாராவது ஒருவர் 'எனக்கும் அதே கவலைதான்' என்று சொல்லியிருக்கக்கூடும். ஹார்டி ஏற்கனவே கதவைத் திறந்து வைத்திருந்தார்.

புளோரிடாவில் ஒருவர் மட்டும் அழைப்பு முடிந்த பிறகும் விடவில்லை. தையோகாலின் மூத்த பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட். ஏவலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட அவர் மறுத்தார். அதனால்தான் கில்மின்ஸ்டர் யூட்டாவிலிருந்து கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்ப வேண்டிவந்தது. வளையம், பூஸ்டர்களை மீட்க வேண்டிய கப்பல்கள் சிக்கியிருந்த கொந்தளிப்பான கடல், ஏவுதளத்தில் உறையும் பனிக்கட்டி என்று மூன்று காரணம் சொல்லி வாதிட்டார். ஏதாவது ஆனால் விசாரணைக் குழு முன் நின்று விளக்கம் சொல்லும் ஆளாக இருக்க எனக்கு விருப்பமில்லை என்றும் சொன்னார். அவருக்கும் அதே நிறுவனம், அதே அழுத்தம். யூட்டாவின் அந்த அறையில் மட்டும் அவர் இல்லை. சூழல் என்று நாம் சொல்வது சில நேரம் அவ்வளவு சின்ன விஷயமாகக்கூட இருக்கலாம்.

இரண்டு இழப்புகளுக்கு நடுவே

டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட எதிர்நோக்குக் கோட்பாட்டை இந்த வழக்கில் சிலர் கொண்டுவருகிறார்கள். லாபம் கண்ணில் படும்போது மனிதர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். நிச்சயமான இழப்பு ஒருபக்கம், நிச்சயமில்லாத பெரிய இழப்பு இன்னொரு பக்கம் என்று வந்தால் துணிந்து பந்தயம் கட்டுவார்கள். ஏவுதல் ஏற்கனவே தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. 27ஆம் தேதி காலையிலும் கதவுக் கைப்பிடியில் ஒரு போல்ட் கழலாமல் நேரம் போய், அதற்குள் குறுக்குக் காற்றும் எழுந்துவிட்டதால் ரத்தானது. இன்னொரு தாமதம் நிச்சயமான இழப்பு. வளையம் தோற்பது 'ஒருவேளை' நடக்கும் இழப்பு. பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் யார் மனதில் எந்தத் தராசு இருந்தது என்று பின்னால் எட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் இதைச் சாத்தியம் என்ற அளவிலேயே விட்டுவிடுகிறேன்.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?

லண்ட் விசாரணைக் குழுவிடம் சொன்ன ஒன்று இந்த வழக்கில் எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. வழக்கமாக, பறக்கத் தயார் என்பதைத் தாங்கள்தான் நாசாவிடம் நிரூபிக்க வேண்டியிருக்கும். அன்று இரவோ இது நிச்சயமாக வேலை செய்யாது என்று நிரூபிக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளப்பட்டோம், அதை எங்களால் செய்ய முடியவில்லை என்றார்.

சட்டகம் திரும்பிவிட்டால் ஒரே ஆதாரம் எதிர் முடிவுக்குக் கொண்டுபோய்விடும். 'பாதுகாப்பானது என்று நிரூபி' என்றால், சந்தேகமே ஏவுதலை நிறுத்தப் போதும். 'ஆபத்து என்று நிரூபி' என்றால், அதே சந்தேகம் போதாது. யாரும் இதை அறிவித்துவிட்டுச் செய்யவில்லை. பேச்சின் போக்கில் அது தானாகத் திரும்பிக்கொண்டது.

போஜோலேவிடம் எண்ணில் சொல்லச் சொன்னார்கள். வெப்பநிலை இவ்வளவு குறைந்தால் ஆபத்து எவ்வளவு கூடும்? அவரால் சொல்ல முடியவில்லை. 'நல்ல நிலையிலிருந்து விலகிப்போகிறோம்' என்ற அளவில்தான் சொல்ல முடிந்தது. அவர் கண்ணால் கண்ட கருப்பு, எண் இல்லாததால், தரவாக ஏற்கப்படவில்லை. மேலும், 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நடந்த ஒரு பயணத்திலும் வாயுக் கசிவு இருந்ததே என்று எதிர்த்தரப்பு கேட்டது. அதற்கும் அவரிடம் எண்ணால் பதில் இல்லை.

பதில் அவர்கள் கையிலேயே இருந்தது என்பதுதான் வேதனை. அன்று பேசப்பட்டதெல்லாம் பாதிப்பு ஏற்பட்ட பயணங்களைப் பற்றி. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்து விசாரணைக் குழு ஒரு வரைபடம் போட்டபோது கணக்கு இப்படி வந்தது: 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 18 டிகிரி செல்சியஸுக்கு, மேல் நடந்த 20 பயணங்களில் 3இல் மட்டும் வளையப் பாதிப்பு, அதற்குக் கீழே நடந்த 4 பயணங்களிலும், நான்கிலுமே, பாதிப்பு. பிரச்சினை வந்த இடத்தை மட்டும் பார்த்து, வராத இடத்தை விட்டுவிடுவது மனித அறிவின் மிகப் பழைய சறுக்கல். அவசரத்தில் தயாரித்த 13 தாள்களில் பொறியாளர்களும் அதில்தான் சறுக்கினார்கள்.

இயல்பாகிப்போன பிறழ்வு

இதுவரை பார்த்த கோட்பாடுகள் எல்லாம் ஓர் இரவைப் பற்றியவை. சமூகவியலாளர் டயான் வாகன் கடிகாரத்தைப் பல ஆண்டுகள் பின்னால் திருப்பினார். மேலாளர்கள் தெரிந்தே விதிகளை மீறிய வழக்கு இது என்ற எண்ணத்தோடுதான் அவர் தொடங்கினார். ஆவணங்களைப் பல ஆண்டுகள் படித்த பிறகு 1996இல் அவர் எழுதிய முடிவு நேரெதிரானது: பெரும்பாலும் எல்லாரும் விதிப்படிதான் நடந்தார்கள். விதிப்படி நடந்தே அங்கே வந்து சேர்ந்தார்கள். இதற்கு அவர் வைத்த பெயர், பிறழ்வு இயல்பாதல்.

அது நடந்த விதம் இதுதான். 1981 நவம்பரில், இரண்டாவது விண்ணோடப் பயணத்திலேயே ஒரு வளையம் அரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. வடிவமைப்பின்படி வளையம் அரிக்கவே கூடாது. ஆராய்ந்தார்கள், எவ்வளவு அரித்தால் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள், இன்னும் இடமிருக்கிறது என்றார்கள். பறந்தது, திரும்பி வந்தது. அடுத்த முறை அரிப்பு வந்தபோது அது 'எதிர்பார்த்த' அரிப்பு. 1982 டிசம்பரில், இந்த இணைப்பு தோற்றால் ஓடமும் உயிர்களும் போகும், மாற்றுக் காப்பு இல்லை என்று அதன் வகைப்பாட்டையே மாற்றினார்கள். ஆனாலும் விலக்கு அளித்துத் தொடர்ந்தார்கள். 1985இல் வாயு முதல் வளையத்தைத் தாண்டியதையும் பார்த்தார்கள். ஏவுதலுக்குத் தடை போட்டார்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தத் தடையை விலக்கிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து ஓர் அங்குலம்தான் தள்ளி. தொடங்கிய இடத்திலிருந்து பார்த்தால்தான் தூரம் தெரியும். அங்கே நின்று பார்க்க யாரும் இல்லை.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. 1985 ஜூலை 31 அன்று போஜோலே தன் மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பில், இதைச் சரிசெய்யாவிட்டால் மிகப் பெரிய பேரழிவு, மனித உயிரிழப்பு என்று நேரடியாகவே எழுதினார். ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு ஆளும் பொருளும் சரியாகக் கிடைக்கவில்லை. அக்டோபரில் அதே நிறுவனத்தின் பாப் எபலிங் எழுதிய குறிப்பின் முதல் சொல்லே 'உதவி!' என்பதுதான்.

வாகனின் இன்னொரு கருத்தும் இங்கே தேவை: அமைப்பின் கட்டுமானமே உருவாக்கும் மறைப்பு. திட்டமிட்டு யாரும் ஒளிக்கவேண்டிய அவசியமில்லை. ஒவ்வொரு படிக்கும் 'இது எங்கள் மட்டத்திலேயே தீர்ந்துவிட்டது' என்ற உணர்வு இருந்தால் போதும். அன்று இரவு நடந்த இந்த விவாதம் முழுவதும், ஏவுதலுக்கு இறுதி அனுமதி கொடுத்த நாசா உயரதிகாரிகளின் காதுக்கே போகவில்லை. அடிமட்டத்தில் தீர்ந்த பிரச்சினையாக அது அங்கேயே நின்றுவிட்டது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், ஒரு பேரழிவுக்கான வாய்ப்பு எவ்வளவு என்று விசாரித்தபோது, பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்ற அளவில் சொன்னார்கள். மேலாண்மை தரப்பில் லட்சத்தில் ஒன்று என்றார்கள். இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன.

எனக்கு இந்தக் கோட்பாடுதான் அதிகம் தாங்குகிறது. ஆனால் இதிலும் ஓர் இடைவெளி உண்டு. ஆண்டுகளை விளக்குகிறது, அரை மணி நேரத்தை அவ்வளவாக விளக்கவில்லை. பல ஆண்டுப் பழக்கத்தையும் மீறி, அன்று மாலை பொறியாளர்கள் 'வேண்டாம்' என்று சொன்னார்களே. பழக்கம் அவர்களைக் கட்டிப்போடவில்லை. அந்த 'வேண்டாம்' ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால் மறுபடி தொப்பிக்கும் துண்டித்த தொலைபேசிக்கும் திரும்பித்தான் போக வேண்டியிருக்கிறது. பழக்கம் கேள்வியைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தது. தொப்பி ஒருவரை அந்தக் கேள்விக்குள் தள்ளியது. பொத்தான் மற்றவர்களின் காதை அடைத்தது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்து அந்த இரவை என்னால் விளக்க முடியவில்லை.

இன்னொரு எச்சரிக்கையையும் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். முடிவு தெரிந்த பிறகு எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும். பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் இந்தப் பின்னோக்குச் சாய்வைச் சோதனைகளில் காட்டினார். நாம் 73ஆவது விநாடியைப் பார்த்துவிட்டு அந்த அறைக்குள் போகிறோம். அவர்கள் பார்க்கவில்லை.

அதன் பிறகு

1986 பிப்ரவரி 11 அன்று ஃபெயின்மன், தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால், ஓ-ரிங் ரப்பரின் ஒரு துண்டைச் சிறு இடுக்கியில் பிடித்துப் பனிக்கட்டி நீரில் முக்கி எடுத்தார். இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. பல ஆண்டு விவாதத்தை ஒரு டம்ளர் தண்ணீர் முடித்துவைத்தது.

உண்மையைச் சொன்னவர்களுக்கு உள்ளே நல்ல பெயர் கிடைக்கவில்லை. மெக்டொனால்டைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகுதான் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இணைப்பை மறுவடிவமைக்கும் வேலைக்கு அவரே தலைமை தாங்கினார். மூன்றாவது வளையம் சேர்த்தார்கள், இணைப்புக்குச் சூடேற்றியும் வைத்தார்கள். 1988 செப்டம்பர் 29 அன்று விண்ணோடம் மறுபடி பறந்தது. போஜோலே சக ஊழியர்களின் ஒதுக்கலைத் தாங்கமுடியாமல் வேலையை விட்டார். பிறகு பல ஆண்டுகள் பொறியியல் மாணவர்களிடம் இந்த இரவைப் பற்றியே பேசினார். எபலிங் முப்பது ஆண்டுகள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்று.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய 82ஆவது விநாடி வாக்கில், வெளித் தொட்டியிலிருந்து ஒரு நுரைக்காப்புத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. நுரை பெயர்வது முன்பும் நடந்ததுதான், அது பராமரிப்புப் பிரச்சினை என்று பழகிப்போயிருந்தது. இறக்கையைச் சுற்றுப்பாதையில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். அதற்குக் கட்டாயத் தேவை இருக்கிறது என்று அவர்கள் காட்ட வேண்டியிருந்தது. படம் இல்லாமல் அதைக் காட்டவும் வழியில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ராட்னி ரோச்சா என்ற நாசா பொறியாளர் ஒரு மின்னஞ்சல் தட்டச்சு செய்தார். இது தவறான பதில், பொறுப்பின்மையின் எல்லையைத் தொடும் பதில் என்று அதில் எழுதினார். அதை அச்செடுத்து ஒரு சக ஊழியரிடம் காட்டினார். அனுப்பவில்லை. ஏன் என்று பின்னால் விசாரணைக் குழு கேட்டபோது, மேலதிகாரப் படிகளைத் தாண்டிப் போக விரும்பவில்லை என்றார். பிப்ரவரி 1 அன்று கொலம்பியா திரும்பி வரும் வழியில் உடைந்து, அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அந்த விசாரணை அறிக்கையில் சேலஞ்சருக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதை எழுத உதவியவர்களில் ஒருவர் டயான் வாகன்.